திகட்டாத இனிப்பு: சோத்தெர்ன் ஒயினை முன்வைத்து

ஒயின் குறித்துச் சிறிதளவு அறிந்தவர்களிடம் இனிப்பு ஒயின் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மெல்லிய புன்னகையே பதிலாகக் கிடைக்கும். அது இன்னும் பழகாதவர்களுக்கானது, சுவை முதிர்ந்தவர்கள் உலர்ந்த ஒயினுக்கு வந்துவிடுவார்கள் என்பது அந்தப் புன்னகையின் பொருள். நவீன இலக்கிய வாசகர்களிடமும் இதே புன்னகையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு படைப்பு இனிமையாக இருக்கிறது என்று சொன்னால் அது பாராட்டாகக் கொள்ளப்படுவதில்லை. கசப்பும் வறட்சியும் முதிர்ச்சியின் அடையாளங்களாகவும், இனிமை அறியாமையின் அடையாளமாகவும் நம் விமர்சன மொழியில் எப்போதோ நிலைபெற்றுவிட்டன.

இந்த மனப்பான்மை ரசனை அல்ல, ரசனையின் சோம்பல் என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக பிரான்ஸின் தென்மேற்கில் ஒரு சிறு நிலப்பகுதியில் விளையும் சோத்தெர்ன் என்ற ஒயினை எடுத்துக்கொள்கிறேன். இதைவிட இனிப்பான ஒயின்கள் உலகில் உண்டு. இனிப்பு எப்போது கலையாகிறது, எப்போது வெறும் சர்க்கரையாக நின்றுவிடுகிறது என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாக முன்வைக்கும் பானம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

*

போர்தோ நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கரோன் நதியின் இடக்கரையை ஒட்டி ஐந்து சிற்றூர்கள் உள்ளன. சோத்தெர்ன், பர்சாக், பொம், ஃபார்க், ப்ரெஞ்ஞாக் என்பவை அவற்றின் பெயர்கள். இந்த ஐந்து ஊர்களின் திராட்சையிலிருந்து உரிய முறைப்படி செய்யப்படும் இனிப்பு ஒயினுக்கு மட்டுமே சோத்தெர்ன் என்ற பெயரைச் சூட்ட முடியும். பர்சாக் ஊரார் விரும்பினால் தம் ஊர்ப் பெயரிலேயே விற்கலாம். செமியோன், சோவிஞ்ஞோன் பிளாங், முஸ்கடெல் ஆகிய மூன்று வெள்ளைத் திராட்சை வகைகள் இங்கே பயிராகின்றன. இவற்றுள் மெல்லிய தோலுடைய செமியோனே முதன்மையானது.

இந்த இடத்தின் சிறப்பு மண்ணில் மட்டும் இல்லை. சிரோன் என்றொரு சிற்றாறு மரங்களடர்ந்த பள்ளத்தாக்கில் வெயில் படாமல் ஓடிவந்து இங்கே கரோனில் கலக்கிறது. சிரோனின் நீர் குளிர்ந்தது, கரோனின் நீர் அதைவிட வெதுவெதுப்பானது. இலையுதிர் காலத்தில் இவ்விரண்டும் கூடும் இடத்தில் மூடுபனி எழுகிறது. மாலையில் தொடங்கிக் காலைவரை அது கொடிகளின்மேல் தங்கும். முற்பகல் கடந்ததும் வெயில் வந்து பனியைக் கலைத்து, பழங்களை உலர்த்திவிடும். ஈரமும் உலர்வும் இவ்வாறு நாள்தோறும் மாறிமாறி வருவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அந்த ஈரத்தில் பொட்ரிடிஸ் சினேரியா என்ற பூஞ்சை திராட்சையின்மேல் படர்கிறது. இது விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த எதிரி. ஸ்ட்ராபெரியை அழிப்பதும், மலர்ச் சாகுபடியைக் கெடுப்பதும் இதே பூஞ்சைதான். தொடர்ந்து மழை பெய்தால் திராட்சையையும் இது சாம்பல் நிறத்தில் அழுகவைத்துப் பயனற்றதாக்கிவிடும். ஆனால் காலை ஈரத்தைத் தொடர்ந்து பிற்பகல் வெயில் வருமானால் இதன் நடத்தை மாறுகிறது. பூஞ்சை பழத்தின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை இடுகிறது. அவற்றின் வழியே பழத்தின் நீர் ஆவியாகிறது. சர்க்கரையும் அமிலமும் மணப்பொருள்களும் உள்ளே செறிகின்றன. பழம் முதலில் பழுப்பேறி, பின்னர் சுருங்கி, வற்றி, மேலே சாம்பல் பூத்து நிற்கும். அந்த நிலையை அங்குள்ளவர்கள் வறுபட்ட பழம் என்று சொல்கிறார்கள். இந்த முழு நிகழ்வுக்கும் பிரெஞ்சு மொழியில் உள்ள பெயரைத் தமிழில் உன்னத அழுகல் எனலாம்.

பழம் வெறுமனே உலர்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. உலர்ந்த திராட்சையிலிருந்தும் இனிப்பு ஒயின் செய்கிறார்கள், அதில் பழத்தின் சாறு செறிகிறது. இங்கேயோ பூஞ்சை பழத்தின் அமிலங்களில் ஒரு பகுதியை உண்கிறது, கிளிசரால் போன்ற புதிய பொருள்களை உண்டாக்குகிறது, பழத்தில் இல்லாத மணங்களை அதற்குள் சேர்க்கிறது. செறிவு, மாற்றம் ஆகிய இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. அழுகலின்றி இந்தச் சுவை இல்லை.

இந்த அழுகல் ஒரு குலையில் ஒரே நாளில் நிகழ்வதில்லை என்பதுதான் அடுத்த சிக்கல். ஒரே குலையில் சில பழங்கள் வற்றியிருக்கும், சில பழுப்பேறத் தொடங்கியிருக்கும், சில பச்சையாகவே இருக்கும். எனவே இயந்திர அறுவடைக்கு இங்கே இடமில்லை. அறுப்பவர்கள் சிறு கத்தரிக்கோலோடு கொடிகளுக்கிடையே நடந்து, உரிய நிலையை எட்டிய பழங்களை மட்டும் பொறுக்குவார்கள். சில நாட்கள் கழித்து மீண்டும் அதே வரிசைக்கு வருவார்கள். நல்ல பண்ணைகளில் ஐந்து, ஆறு முறைகூட ஒரே தோட்டத்தைச் சுற்றிவர நேரும். செப்டம்பரில் தொடங்கும் அறுவடை சில ஆண்டுகளில் நவம்பர்வரை நீளும். ஒவ்வொரு நாள் காத்திருப்பும் சூதாட்டம்தான். ஒரு வாரம் பொறுத்தால் பழம் இன்னும் செறியலாம், அதே வாரத்தில் பெய்யும் மழை அனைத்தையும் கொண்டுபோகலாம்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது மிகக் குறைவு. சட்டப்படி ஒரு ஹெக்டேருக்கு 2,500 லிட்டர்தான் உச்ச வரம்பு. இப்பகுதியின் புகழ்மிக்க பண்ணையான இக்கெம் எடுப்பது சராசரியாக 900 லிட்டர் அளவில்தான். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை என்று அவர்கள் சொல்லும் கணக்கு ஏறத்தாழ உண்மையே.

*

இக்கெம் பண்ணை தன் முதன்மை ஒயினை வெளியிடாத ஆண்டுகள் உண்டு. 1951, 1952, 1964, 1972, 1974, 1992 ஆகியவை அவற்றுள் சில. அண்மையில் 2012ஆம் ஆண்டின் விளைச்சலும் தகுதி பெறவில்லை என்று அறிவித்தார்கள். அறுவடை நடந்தது, ஒயினும் இருந்தது. ஆனால் அது அந்தப் பெயருக்கு உரியதல்ல என்று உரிமையாளர்களே முடிவு செய்தார்கள்.

1999இல் இந்தப் பண்ணை எல்.வி.எம்.ஹெச். என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குப் போயிற்று. அதற்குமுன் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக லூர்-சாலூஸ் குடும்பத்தினர் அதை நடத்திவந்தார்கள். 2012ஆம் ஆண்டின் முடிவு புதிய உரிமையாளர்களின் காலத்தில் எடுக்கப்பட்டது. வணிக நிறுவனம் என்றால் தரத்தைக் கைவிட்டுவிடும் என்று எளிதில் சொல்லிவிட முடியாதபடி அது நம்மைத் தடுக்கிறது. தங்கள் பெயரின் மதிப்பே தங்கள் மூலதனம் என்ற கணக்கும் அதற்குப் பின்னால் இருக்கலாம். இருக்கட்டும். ஆண்டுக்கொரு நூல் வெளியிட்டே ஆகவேண்டும் என்று நினைக்கும் எழுத்தாளர்களையும், புத்தகக் கண்காட்சிக்கு முந்தைய மாதங்களில் அவசர அவசரமாக அச்சேறும் தொகுப்புகளையும் பார்க்கும்போது, இவ்வாண்டு என் பெயரில் எதுவும் இல்லை என்று சொல்லும் துணிவை நான் மதிக்கிறேன்.

*

இனி அந்தப் புன்னகைக்கு வருவோம். இனிப்பு கீழானது என்ற எண்ணம் எப்போதும் இருந்ததில்லை. 1855இல் மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் உலகப் பொருட்காட்சிக்காகப் போர்தோவின் ஒயின்களைத் தரவரிசைப்படுத்தினார்கள். சிவப்பு ஒயின்களில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் தரம் பெற்றன. இனிப்பு வெள்ளை ஒயின்களிலோ முதல் தரத்துக்கும் மேலாக, உயர் முதல் தரம் என்றொரு நிலையை உண்டாக்கி அதில் இக்கெம் ஒன்றை மட்டும் வைத்தார்கள். அந்தப் பட்டியலில் இன்று சோத்தெர்ன், பர்சாக் பகுதிகளின் 27 பண்ணைகள் உள்ளன. அதற்கு நான்காண்டுகளுக்குப் பின், 1859இல், ரஷ்யக் கோமகன் கான்ஸ்டன்டின் 1847ஆம் ஆண்டு இக்கெம்மின் ஒரு பெரும் பீப்பாய் அளவை 20,000 பொன் பிராங்குகளுக்கு வாங்கியது ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. அதற்கும் முன்பு, 1787இல், பிரான்ஸுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1784ஆம் ஆண்டு ஒயினில் 250 புட்டிகள் வேண்டுமென்று இப்பண்ணைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

அவர்கள் சுவை முதிராதவர்கள் என்று நாம் சொல்லிவிட முடியுமா? மாறியது நாக்கு அல்ல, இனிப்பின் இடம். ஒரு காலத்தில் சர்க்கரை அரிய பண்டம். பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வளர்ந்தபின் அது மலிவாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் குளிர்பானத்திலிருந்து ரொட்டிவரை எங்கும் இனிப்பு நிறைந்தது. மலிவான இனிப்பு ஒயின்களும் பெருகின. எங்கும் கிடைப்பதைப் போற்றுவது நாகரிகமல்ல என்பது சமூக வழக்கம். இனிப்பை விலக்குவது மேன்மையின் அடையாளமாயிற்று. அதாவது, உலர்ந்த ஒயினே உயர்ந்தது என்ற தீர்ப்பில் சுவையைவிடச் சந்தைக்கும் தகுதி வேட்கைக்குமே பங்கு அதிகம்.

இலக்கியத்திலும் இதுவே நிகழ்ந்தது என்று நினைக்கிறேன். வெகுஜன இதழ்களும் திரைப்படமும் தொலைக்காட்சித் தொடர்களும் மலிவான உருக்கத்தை ஆறாகப் பெருக்கியபோது, தீவிர இலக்கியம் தன்னை அதிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது. இறுக்கமும் கசப்பும் அதன் வழிகளாயின. அந்த விலகல் அன்று தேவையாக இருந்தது. ஆனால் மலிவான இனிப்பை மறுக்கப் போய் இனிப்பையே மறுத்துவிட்டோம். வகுப்பில் ஒரு படைப்பைப் பற்றிக் கேட்டால், நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட, நெகிழ்ச்சியாக இருக்கிறது என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அவர்கள் நெகிழ்ந்தது முகத்தில் தெரிகிறது. அதை ஒப்புக்கொள்ளும் மொழியைத்தான் நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டோம்.

*

அப்படியானால் எல்லா இனிப்பும் நல்லதா என்று கேட்கலாம். இல்லை. சோத்தெர்ன் நமக்கு ஒரு அளவுகோலைத் தருகிறது.

நல்ல சோத்தெர்ன் ஒரு லிட்டரில் 120 முதல் 150 கிராம்வரை சர்க்கரை இருக்கும். குளிர்பானங்களில் சராசரியாக இருப்பது 100 கிராம் அளவில்தான். அப்படியிருந்தும் குளிர்பானத்தைப் போல இது நாக்கில் ஒட்டிக்கொண்டு சலிப்பூட்டுவதில்லை. காரணம் புளிப்பு. பழம் வற்றும்போது சர்க்கரையோடு அமிலமும் செறிகிறது. இதன் ஆல்கஹால் அளவு 13, 14 சதவீதம். அந்த நிலையை எட்டும்போது, மிகுந்த சர்க்கரைக்கும் ஆல்கஹாலுக்கும் நடுவே ஈஸ்ட் தளர்ந்து நின்றுவிடுகிறது. எஞ்சிய சர்க்கரை ஒயினிலேயே தங்குகிறது. வெளியிலிருந்து கலந்த இனிப்பல்ல அது, நொதித்து முடியாமல் நின்ற இனிப்பு. அதனோடு அமிலமும், ஓராண்டுக்கு மேல் ஓக் பீப்பாயில் இருந்ததால் வந்த துவர்ப்பும், பூஞ்சை விட்டுச்சென்ற ஒரு மெல்லிய கசப்பும் உடனிருக்கின்றன.

முதல் மிடறில் இனிப்பு வாயை நிறைக்கும். அடுத்த கணம் நாவின் இருபுறமும் புளிப்பு எழுந்து அதைக் கழுவிக்கொண்டு போகும். விழுங்கியபின் இனிப்பு மறைந்துவிடும், நாரத்தங்காய்த் தோலை மென்றது போன்ற இளங்கசப்பும் மணமும் மட்டும் நெடுநேரம் நிற்கும். திகட்டல் என்பது இனிப்பின் மிகுதியால் வருவதல்ல, அதைத் தாங்கும் எதிர்ச்சுவை இல்லாமையால் வருவது. இதுதான் அந்த அளவுகோல். ஒரு கதை இனிமையாக இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அந்த இனிமைக்கு அடியில் புளிப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் அது எத்தனை இனிமையையும் தாங்கும். இல்லையெனில் ஒரு கரண்டியே அதிகம்.

*

ஆங்கிலத்தின் வழியே நமக்கு வந்த வகைப்பெயர் டெசர்ட் ஒயின் என்பது. உணவுக்குப் பின் வரும் இனிப்புப் பண்டத்தோடு அருந்தும் ஒயின் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் இதை லிக்கரோ என்ற சொல்லால் குறிக்கிறார்கள். அது ஒயினின் செறிவைச் சொல்கிறதேயன்றி, விருந்தில் அதற்கு எந்த இடம் என்று சொல்வதில்லை. ஆங்கிலப் பெயர் இந்த ஒயினுக்குச் செய்தது நன்மையல்ல என்பது என் எண்ணம். கேக்கோடும் சாக்லேட்டோடும் இதை அருந்தினால், உணவின் சர்க்கரை ஒயினின் சர்க்கரையை மங்கச் செய்துவிடும். புளிப்பு மட்டும் தனித்து நின்று ஒயின் மெலிந்ததாகத் தோன்றும். ஜிலேபி தின்றபின் காப்பி குடித்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

சோத்தெர்ன் விளையும் பகுதியில் இதை வாத்தின் கொழுத்த ஈரலோடு விருந்தின் தொடக்கத்திலேயே பரிமாறுவதுண்டு. ரோக்ஃபோர் என்ற நீலப் பாலாடைக்கட்டியோடு சேர்ப்பது இன்னொரு மரபு. அந்தப் பாலாடைக்கட்டியும் பூஞ்சையால் ஆனதுதான். அதன் உப்பும் காரமும் ஒயினின் இனிப்பைக் கூர்மையாக்குகின்றன. பொரித்த கோழியோடும் காரமான ஆசிய உணவுகளோடும் இது நன்றாகச் சேரும் என்று இப்போது உற்பத்தியாளர்களே சொல்லிவருகிறார்கள். விற்பனை குறைந்ததால் எழுந்த பேச்சு அது என்றாலும், அதில் உண்மை உண்டு. ஒரு பெயர் ஒரு பொருளை எந்த அறையில் அடைத்துவைக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். பெண்ணெழுத்து, வட்டார இலக்கியம் என்றெல்லாம் நாம் ஒட்டும் சீட்டுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. வசதிக்காக ஒட்டுகிறோம், பிறகு அந்த அறையைத் தாண்டி அதை வாசிப்பதில்லை.

*

ஒயின் சுவைப்பதைக் குறித்து எழுதும்போது அந்த மொழியைப் பற்றிய ஐயத்தையும் சொல்லியாக வேண்டும். ரோல்ட் டாலின் புகழ்பெற்ற சிறுகதை ஒன்றில், ஒரு சுவை வல்லுநர் ஒயின் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதைச் சொல்லிவிடுவதாகப் பெரும் பந்தயம் கட்டுகிறார். மிடறு மிடறாகச் சுவைத்து, ஊர் ஊராக விலக்கி, இறுதியில் சரியாகச் சொல்லிவிடுகிறார். அவருடைய மூக்குக்கண்ணாடி அந்தப் புட்டி இருந்த அறையில் கிடந்தது என்று வேலைக்காரப் பெண் கொண்டுவந்து கொடுக்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. ஒயின் பேச்சில் இருக்கும் நாடகத்தன்மைக்கு இதைவிடக் கூரிய விமர்சனம் இல்லை.

அறிவியலும் இந்த ஐயத்துக்கு வலுச்சேர்த்திருக்கிறது. 2001இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், போர்தோவில் ஒயினியல் பயிலும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து இன்னொன்றையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததை அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே விவரித்தார்கள். மூக்கு அறிந்ததைக் கண் மாற்றியெழுதியது. அந்த ஆய்வை நடத்திய மூவரில் ஒருவரான தெனி துபூர்தியூ பர்சாக்கில் இனிப்பு ஒயின் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், போர்தோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2016இல் மறைந்தவர். சுவையின் மொழி எவ்வளவு ஏமாற்றும் என்று நிறுவியவரே வாழ்நாள் முழுவதும் கவனமாகச் சுவைத்து ஒயின் செய்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது. புலன் ஏமாறும் என்று அறிவது சுவைப்பதைக் கைவிடுவதற்கான காரணம் அல்ல. இன்னும் கவனமாகச் சுவைப்பதற்கான காரணம்.

நம் சிக்கல் வேறு. சோத்தெர்ன் பற்றிய எந்தக் குறிப்பிலும் ஆப்ரிகாட், பீச், அகேஷியா தேன் என்ற சொற்களைக் காணலாம். மரத்திலிருந்து பறித்த ஆப்ரிகாட்டை நம்மில் எத்தனை பேர் தின்றிருக்கிறோம்? அந்தச் சொல்லைத் தமிழில் அப்படியே எழுதினால் அது சுவையைச் சொல்வதாகாது, பிறர் சொன்னதை மேற்கோள் காட்டுவதாகும். பிரான்ஸில் பணிபுரியும் நண்பரின் தயவால் கடந்த பத்தாண்டுகளில் நான்கைந்து அரைப்புட்டிகளைச் சுவைத்திருக்கிறேன். எனக்கு இளம் ஒயினில் தெரிந்தது நாரத்தங்காய், நன்கு பழுத்த அன்னாசி, மலைத்தேன். சற்று முதிர்ந்த ஒன்றில் குங்குமப்பூவும், நெய்யில் வறுத்த வெந்தயமும்.

வெந்தயம் என்றதும் சிரிக்க வேண்டாம். சோட்டோலோன் என்ற வேதிப்பொருள்தான் வெந்தய மணத்துக்கு முதன்மையான காரணம். மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தட்டுப்படக்கூடிய அது, பூஞ்சை பட்ட பழத்தில் செய்து முதிரவைத்த ஒயின்களிலும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மேப்பிள் பாகு உண்டு வளர்ந்தவர் அதை மேப்பிள் என்பார், நம் அஞ்சறைப்பெட்டியை அறிந்தவர் வெந்தயம் என்பார். இருவரும் சொல்வது ஒரே உண்மையை. அயல் சுவையை அறிவதற்கு அயல்மொழி நாக்கு வேண்டியதில்லை. சொந்த நாக்கை நேர்மையாக நம்பினால் போதும்.

சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமும் இல்லை. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி என்று வகை பிரித்துச் சொன்ன மொழி இது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் பாண்டியனுக்கு ஊட்டும் காட்சி புறநானூற்றின் 56ஆம் பாடலில் வருகிறது. கடல் கடந்து வந்த ஒயினின் குளிர்ச்சியையும் மணத்தையும் சொல்ல நக்கீரருக்குக் கூச்சமில்லை. இன்று மது என்ற ஒற்றைச் சொல்லில் அத்தனையும் அடங்கிவிட்டன. அதுவும் கண்டனத்துக்கு மட்டுமே பயன்படுகிறது.

*

அந்தக் கண்டனத்துக்கு நியாயம் இருக்கிறது. அரசே கடை நடத்தி மது விற்கும் மாநிலத்தில், குடியால் சிதைந்த வீடுகள் இல்லாத தெரு இல்லை. என் மாணவர்களில் சிலர் அந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே யாரையும் குடிக்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. குடிக்காதவர்கள் குடிக்காமலிருப்பதே நல்லது. ஆனால் ஒரு பண்பாடு நூற்றாண்டுகளாகச் செய்துவரும் ஒரு பொருளை, அதைத் தொடாமலேயேகூட அறிந்துகொள்ள முடியும். வேட்டையாடாதவர்கள் வேட்டைப் பாடலை ரசிப்பதில்லையா?

அருந்துபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இந்த ஒயின் மறப்பதற்காகக் குடிப்பவர்களுக்கு உதவாது. 375 மில்லி அரைப்புட்டியில் பலர் பங்கிட்டுக்கொள்ளும் பானம் இது. 10 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, சிறு கோப்பையில் இரண்டு விரற்கடை ஊற்றி, முதலில் நிறத்தைப் பாருங்கள். இளமையில் வைக்கோல் பொன், முதிர முதிரச் செம்பொன், பல பத்தாண்டுகள் கழிந்தால் கருப்பட்டிப் பாகின் நிறம். பின்னர் முகருங்கள். கோப்பை மெல்ல வெதுவெதுப்பாகும்போது மணம் மாறிக்கொண்டே போகும். ஒரு கோப்பைக்கு அரைமணி நேரம் ஆகவேண்டும். ஆகாவிட்டால் சுவைக்கவில்லை என்றே பொருள்.

இன்னொன்று, இக்கெம்மைத் துரத்த வேண்டாம். 2011இல் அதன் 1811ஆம் ஆண்டுப் புட்டி ஒன்று 75,000 பவுண்டுக்கு விலைபோயிற்று. அது சுவையின் விலை அல்ல. கரோன் நதியின் எதிர்க்கரையில் லூப்பியாக், காதியாக், சாந்த்-குருவா-து-மோன் என்ற ஊர்கள் உள்ளன. தர்தோஞ்ஞ் நதிப்பக்கம் மோன்பசியாக் உள்ளது. இங்கெல்லாம் இதே பூஞ்சையின் துணையோடு, இதே திராட்சை வகைகளில், மிகக் குறைந்த விலையில் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். நான் சுவைத்ததில் மனத்தில் நிற்பது ஒரு லூப்பியாக்தான். அதில் செறிவு குறைவாக இருந்தது, ஆனால் புளிப்பு உயிரோடு இருந்தது. ரசனை என்பது பட்டியலின் முதல் பெயரை மனப்பாடம் செய்வதாக இருந்தால், நாம் நோபல் பரிசு பெற்றவர்களை மட்டும் வாசித்தால் போதுமே.

நோபல் பரிசு என்றதும் ஒரு பெயர் நினைவுக்கு வருகிறது. 1952இல் அப்பரிசு பெற்ற பிரான்சுவா மொரியாக்கின் மலகார் இல்லம் அந்த எதிர்க்கரையில்தான் இருக்கிறது. சோத்தெர்ன் அங்கிருந்து தொலைவில்லை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த வீடு அது. 1932இல் வெளிவந்த அவருடைய பாம்புகளின் முடிச்சு நாவலில் ஒரு கஞ்சக் கிழவன் தன் குடும்பத்தின்மேல் வெறுப்பைச் சேர்த்துவைக்கிறான். ஆலங்கட்டி மழை அவனுடைய திராட்சைகளை அழிக்கும் இரவில்தான் அவனுக்குள் ஏதோ இளகத் தொடங்குகிறது. வானத்தை நம்பிப் பிழைக்கும் அந்த நிலத்தின் அச்சத்தை அறியாமல் அப்படி எழுதியிருக்க முடியாது.

அந்த அச்சம் இன்றும் தீரவில்லை. இனிப்பு ஒயினின் விற்பனை சுருங்கியதால் பல பண்ணைகள் தம் திராட்சையில் ஒரு பகுதியை உலர்ந்த வெள்ளை ஒயினுக்குத் திருப்பியிருக்கின்றன. போர்தோவிலிருந்து துலூஸுக்குத் திட்டமிடப்பட்ட அதிவேக ரயில்பாதை சிரோன் பள்ளத்தாக்கைக் கடக்கிறது. மரங்கள் குறைந்து ஆற்றின் குளிர்ச்சி மாறினால் மூடுபனி என்னவாகும் என்று உற்பத்தியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்துவருகிறார்கள். ஒரு சுவையைக் காப்பது என்றால் இங்கே ஒரு சிற்றாற்றின் நிழலைக் காப்பது என்று பொருள். வேகமாகப் போக வேண்டியவர்களுக்கு இந்த வாதம் அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த ஒயினுக்கு வெளியே பகைவர்கள் பலர், மழை, உறைபனி, ரயில்பாதை, சந்தை என்று. ஆயினும் நம்மால் மாற்றக்கூடியது ஒன்றுதான், அந்தப் புன்னகை. இனிப்பானவை அனைத்தையும் கேள்வியின்றி ஒதுக்கும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொன்றிலும் புளிப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். கோப்பையிலும் சரி, புத்தகத்திலும் சரி, அதற்குச் சற்று நேரம் கொடுத்தால் போதும்.